பாப்பாவுக்கு, வியாசர்பாடியிலிருந்து

பாப்பா,

வாட்ஸ்அப்பில் எது கேட்டாலும் கட்டைவிரல் பொம்மைதான் திரும்பி வருகிறது, அதனால் நீளமாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அப்பா கடை போட பீச் ஸ்டேஷன் போய்விட்டார். இங்கே ஐந்தரை மணி, ஜப்பானில் உனக்கு இரவு ஒன்பது ஆகியிருக்கும். ஏப்ரல் மாதம் இந்த நேரத்துக்கெல்லாம் நீ போன் செய்துவிடுவாய். பள்ளி வாசலில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போட வேறு ஷூ இருக்கிறது என்றாய், பிள்ளைகளே வகுப்பைப் பெருக்கித் துடைக்கிறோம் என்றாய், வீட்டில் தொட்டிக்கு வெளியே நன்றாகத் தேய்த்துக் குளித்த பிறகுதான் அதில் இறங்க வேண்டும், ஒரே தண்ணீரில் வீட்டில் எல்லாரும் இறங்குவார்கள் என்றாய். வீட்டில் துடைப்பத்தைத் தொடாதவள் நிகாட்டாவில் போய்ப் பெருக்குகிறாள் என்று ஆயா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது. இப்போது ஜூன், கேட்டால் "ம், போகுது" என்கிறாய்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். போன வாரம் அனுப்பிய டிபன் பாக்ஸ் போட்டோ பார்த்தேன். சோறு, சுருட்டிய முட்டை, பொரித்த மீன், நீ தங்கியிருக்கும் வீட்டு அம்மா எவ்வளவு அழகாகக் கட்டித் தந்திருக்கிறார், அவருக்கு என் வணக்கத்தைச் சொல். போட்டோவில் பாக்ஸுக்குக் கீழே சிமெண்ட் படி தெரிந்தது. காற்று வரும் என்று அங்கே போய் உட்கார்ந்தாயோ என்னவோ. ஜூனில் அங்கே மழைக்காலம் தொடங்கிவிடும் என்று நீதான் சொல்லியிருக்கிறாய், ஈரப் படியில் உட்காராதே. மதியம் எல்லாரும் மேஜையைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு வகுப்பிலேயே சாப்பிடுவார்கள் என்று முதல் வாரம் சொன்னதும் நீதான். நான் எதுவும் கேட்கவில்லை. படியில் உட்காராதே, அவ்வளவுதான்.

பேசு பாப்பா. தப்பாகவாவது பேசு. டிசம்பரில் ஜப்பான் மொழித் தேர்வின் முதல் படியான என்5 எழுதி பாஸ் ஆனவள் நீ, அந்தச் சான்றிதழை அப்பா லேமினேட் செய்து கடையில் மாட்டியிருக்கிறார், பர்மா நூடுல்ஸான அத்தோ சாப்பிட வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுகிறார். சூளைமேட்டு வகுப்பில் உங்கள் டீச்சர் என்னிடம் என்ன சொன்னார், தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஜப்பான் மொழி சீக்கிரம் பிடிபடும், வினைச்சொல் நம்மைப் போலவே கடைசியில் வரும், வேற்றுமை உருபு மாதிரி ஒன்று சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் என்றார். அதை நம்பித்தான் நான் தைரியமாக இருந்தேன். ஆனால் நீ கடைசியாக நீளமாகப் பேசிய அன்று, டீச்சர் சொல்வது கொஞ்சம் புரிகிறது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் பேசுவது ஒன்றும் புரியவில்லை என்றாய் பார், அது என் மனதிலேயே நிற்கிறது. யோசித்துப் பார்த்தேன். உனக்குச் சொல்லிக்கொடுத்தது மரியாதை நடை, பெரியவர்களிடமும் புதியவர்களிடமும் பேசுவது. கூடப் படிக்கிற பெண்கள் தங்களுக்குள் அப்படிப் பேசுவார்களா? சௌகார்பேட்டை சேட்டு வீட்டுப் பெண் பாடப்புத்தகத் தமிழைக் கரைத்துக் குடித்துவிட்டு காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிற இடத்தில் போய் நின்றால் அவளுக்கு என்ன புரியும்? உன் மூளையில் ஒரு குறையும் இல்லை. அங்கே பள்ளி முடிப்பதற்குள் படிக்கச் சொல்லும் கான்ஜி என்கிற சீன வழி எழுத்து மட்டும் 2,136, அந்தப் பிள்ளைகளே ஆறு வயதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து வந்தவர்கள். அதை நீ மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வகுப்பில் பழைய ஜப்பானிய இலக்கியம் நடத்தும்போது விழிக்கிறேன் என்றாயே, நம் பிள்ளைகள் புறநானூற்றுக்கு விழிக்கவில்லையா?

ஆயா கப்பலில் வந்த கதை உனக்கு மனப்பாடம். இந்த ஒன்றை மட்டும் எனக்கே போன வாரம்தான் சொன்னது. 1964ல் இங்கே வந்தபோது ஆயாவுக்குப் பத்து வயது. ரங்கூனில் படித்ததெல்லாம் பர்மா மொழி, வீட்டில் தமிழ் பேசும், ஒரு எழுத்து தெரியாது. கொண்டுபோய் இரண்டாம் வகுப்பில் சின்னப் பிள்ளைகளோடு உட்காரவைத்துவிட்டார்கள். மாதக்கணக்கில் வாயே திறக்கவில்லையாம், ஊமைப் பெண் என்று டீச்சரே நினைத்தாராம். முதல் முதலாக வாய் திறந்தது பாண்டி ஆடும்போது, கோட்டை மிதித்தவள் மிதிக்கவில்லை என்று சாதித்தாள், ஆயாவுக்குக் கோபம் வந்து கத்தியதாம். பர்மா மொழி பாதி தமிழ் பாதி. அந்தப் பெண்தான் பிறகு கடைசி வரை கூட்டு, போன வருஷம் சாவுக்குப் போய் வந்தோமே, அவர்கள்தான்.

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு உன் ஃபுட்பால் ஞாபகம்தான். பள்ளி முடிந்ததும் கிளப் உண்டு, பெண்கள் டீமும் உண்டு, சேரப்போகிறேன் என்று மே மாதம் சொன்னாய். அப்புறம் அந்தப் பேச்சே இல்லை. ஸ்டட்ஸ் ஷூ வாங்க அப்பா யாரிடம் கை நீட்டினார் என்று உனக்குத் தெரியும், அதைச் சொல்லிக்காட்டவில்லை, இல்லை, சொல்லிக்காட்டத்தான் செய்கிறேன், பையிலேயே வைத்திருக்காதே. முல்லை நகர் கிரவுண்டில் பையன்களோடு மோதி முட்டி தேய்ந்து வந்தவள் நீ. பந்து வேண்டும் என்று கத்துவதற்கு இலக்கணம் தேவையில்லை. சீனியர்களுக்கு அங்கே மரியாதை அதிகம், முதலில் பந்து பொறுக்கிப் போடச் சொல்வார்கள், போடு, முகத்தைச் சுளிக்காதே. ஆனால் போ.

இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் அத்தோ செய்து கொடு. அங்கே கிடைக்கிற தடித்த உடோன் நூடுல்ஸ் போதும், கோஸைப் பொடியாகச் சீவிக்கொள், வெங்காயத்தைச் சிவக்க வறு, கடலை மாவையும் மிளகாய்த்தூளையும் பார்சலில் போட்டுவிடுகிறேன், புளி இல்லாவிட்டால் எலுமிச்சை பிழி. கையால் பிசைய வேண்டும், அதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. மீதி இருந்தால் மறுநாள் பள்ளிக்கு எடுத்துப்போய்ப் பக்கத்துப் பெண்ணுக்கு நீட்டு. காரம் என்று அவள் கத்தினால் நீ பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்.

எதிர் வீட்டு அக்கா நேற்றுகூட "உங்க பொண்ணு ஜப்பான்காரியாட்டம் பேசுதா" என்று கேட்டார். பேசுகிறாள் என்று சொல்லிவிட்டேன். அதற்காக நீ எங்களிடம் நன்றாக இருப்பதாக நடிக்க வேண்டாம். நம் தெருவில் யார் என்ன நினைப்பார்கள் என்பது என் பாடு, நான் பார்த்துக்கொள்கிறேன். பிப்ரவரி வரை இருக்க முடிந்தால் இரு, முடியாமல் போனால் முடியவில்லை என்று எனக்கு முதலில் சொல், அப்பாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் தப்பாகப் பேசிவிடுவோம் என்ற பயத்தில் மட்டும் திரும்பி வந்துவிடாதே, அதை என்னால் தாங்க முடியாது.

பார்சல் திங்கட்கிழமை போடுகிறேன். பருப்புப் பொடியும் கடலை மாவும் மிளகாய்த்தூளும்தான், கறி சேர்ந்த எதுவும் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால் தம்பி உனக்கு அனுப்பச் சொன்ன அந்த மசாலாவை வெளியே எடுத்து வைத்துவிட்டேன். சனிக்கிழமை ராத்திரி வீடியோவில் வா, மறுநாள் உனக்குப் பள்ளி கிடையாது. ஆயாவுக்கு இப்போது இடது காது சுத்தமாகக் கேட்பதில்லை, சத்தமாகப் பேச வேண்டியிருக்கும்.

அம்மா