பெல்ட் உருகிப்போன டிரைவும் உன் பிளேஸ்டேஷனும்

நிஷிகசாய், டோக்கியோ
ஞாயிறு இரவு

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் பெரிய நிம்மதி. மாடிப்படி ஏறவே கூடாது என்று நான் சொன்னதாகச் சொல். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. பிள்ளைகள் இருவரும் நலம். மூத்தவன் என்னோடு தமிழிலும் வெளியே ஜப்பானிய மொழியிலும் பேசுகிறான், சண்டை போடும்போது மட்டும் இரண்டும் கலந்துவிடும்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பரணில் இருந்து பழைய பிளேஸ்டேஷனை இறக்கினேன், சிடியே படிக்கவில்லை, எடைக்குப் போட்டுவிடவா என்று எழுதியிருந்தாய். போட்டுவிடாதே மக்கா. ஏன் என்று சொல்கிறேன், அதற்கு முன்னால் என் கதை ஒன்றைக் கேள்.

இரண்டு மாதத்துக்கு முன் இங்கே ஒரு பழைய பொருள் கடையில் நிண்டெண்டோவின் ஃபெமிகாம் என்ற வீடியோ கேம் பெட்டியும், கேசட்டுக்குப் பதிலாக டிஸ்க்கில் ஆட்டம் ஓட்டும் அதனுடைய டிஸ்க் சிஸ்டமும் வாங்கினேன். ஓடாத சாமான்களைப் போட்டு வைத்திருக்கும் தொட்டியில் கிடந்தது. 1983-ல் வந்த அதே சிவப்பு வெள்ளைப் பெட்டிதான். உங்கள் வீட்டு டிவி கேம் இதன் நகல் என்று நமக்கு அப்போது தெரியாது. கேசட் சொருகும் இடத்தைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. அதே 60 பின். '9999 ஆட்டம்' என்று ஒட்டிய கேசட்டை நாம் ஊதி ஊதிச் சொருகிய அதே அகலம்.

டிஸ்க் சிஸ்டத்தை நீ பார்த்திருக்க மாட்டாய், இந்தியாவுக்கு அது வரவே இல்லை. 1986 பிப்ரவரியில் நிண்டெண்டோ ஜப்பானில் மட்டும் விட்டது, விலை 15,000 யென். அப்போது கேசட்டில் போடும் சிப் விலை அதிகம், இடமும் குறைவு. முதல் மரியோ முழு ஆட்டமுமே 40 கிலோபைட்தான். உள்ளங்கை அளவு மஞ்சள் டிஸ்க்கில் இரண்டு பக்கமும் சேர்த்து நூறு கிலோபைட்டுக்கு மேல் கொள்ளும். அத்தோடு விளையாடியதை அதிலேயே சேமித்தும் வைக்கலாம். செல்டா என்ற சாகச ஆட்டம் முதன்முதலில் வந்தது இந்த டிஸ்க்கில்தான். ஆட்டம் சலித்துவிட்டால் கடைக்குப் போய் 500 யென் கொடுத்தால், அங்கிருக்கும் இயந்திரம் பழையதை அழித்துவிட்டு அதே டிஸ்க்கில் வேறு ஆட்டத்தை எழுதிக் கொடுக்கும். கடைகளில் அது நின்ற பிறகும் நிண்டெண்டோவே இந்தச் சேவையை 2003 வரை நடத்தியது. எவ்வளவு அழகான ஏற்பாடு, யோசித்துப் பார்.

வீட்டுக்கு வந்து டிரைவைத் திறந்தேன். மோட்டாரைச் சுற்றியிருக்க வேண்டிய ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகிச் சக்கரத்தோடு அப்பியிருந்தது. வயதானால் இந்த டிரைவ்கள் பெரும்பாலானவற்றில் இதுதான் நடக்கும். பஞ்சுக் குச்சியை ஆல்கஹாலில் தோய்த்துத் துடைத்துத் துடைத்து எடுத்தேன், விரலில் ஒட்டிய கறுப்பு இரண்டு நாள் போகவில்லை. புது பெல்ட் போடுவது எளிது. அதற்கப்புறம்தான் வேலையே. இந்த டிரைவில் டிஸ்க்கைப் படிக்கும் ஹெட் நம் கம்ப்யூட்டர் பிளாப்பி மாதிரி வேண்டிய இடத்துக்குத் தாவாது. விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒரே ஓட்டமாகப் படித்துக்கொண்டு போய், முடிந்ததும் திரும்பி வந்துவிடும். அது கிளம்பும் இடம் துளி பிசகினாலும் திரையில் பிழை எண்தான் வரும். மூன்று இரவு திருகைத் தளர்த்துவதும் முடுக்குவதுமாக உட்கார்ந்திருந்தேன். நான்காவது இரவு செல்டா டிஸ்க் ஓடியது.

சேமித்த ஆட்டங்களுக்கு மூன்று இடம் உண்டு. இரண்டு காலி. முதல் வரியில் ஒரு பெயர், பக்கத்தில் ஆட்டக்காரனின் உயிரைக் காட்டும் எட்டு இதயங்கள். யாரோ ஒரு பையன், நம்மைவிடப் பத்து வயது மூத்தவனாக இருப்பான். பாதி தூரம் போய் நிறுத்தி வைத்திருக்கிறான். செந்தில், நான் அந்த ஆட்டத்தைத் தொடவில்லை. திரையைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த டிஸ்க்கும் காந்தப் பூச்சுதான், நாளாக நாளாக மங்கும். டிரைவோ எப்போது வேண்டுமானாலும் மறுபடி படுத்துவிடலாம். அதனால்தான் எஃப்டிஎஸ் ஸ்டிக் என்ற சின்னக் குச்சியை வாங்கினேன், பென் டிரைவ் அளவுதான் இருக்கும். டிஸ்க் சிஸ்டத்தில் டிரைவிலிருந்து வரும் வயர், கேசட் மாதிரி சொருகும் ஒரு பெட்டியில் போய்ச் சேரும். அந்த வயருக்குப் பதிலாக இந்தக் குச்சியைச் சொருகினால், டிரைவ் அனுப்பும் அதே சமிக்ஞையை இது அனுப்பும். பெட்டிக்கு வித்தியாசமே தெரியாது. 'பக்கத்தைத் திருப்பு' என்று ஆட்டம் கேட்டால் குச்சியில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். நிஜ டிஸ்க்கின் வேகத்திலேயே தருவதால் காத்திருக்கும் நேரம் குறையவில்லை. மோட்டார் கிர்ரென்று சுற்றும் சத்தம்தான் இல்லை. முதல் நாள் அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை, இப்போது பழகிவிட்டது.

தனியாக ஒரு வயர் சேர்த்தால் நிஜ டிரைவில் இருக்கும் டிஸ்க்கைப் படித்துக் கோப்பாகவும் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பையனின் டிஸ்க்கை அப்படித்தான் எடுத்தேன். இரண்டு முறை பிழை வந்தது, மூன்றாவது முறை இரண்டு பக்கமும் முழுசாக வந்துவிட்டது. இரண்டு பிரதி வைத்திருக்கிறேன். ஒன்றில் என் மூத்தவன் காலியிடத்தில் தன் பெயரைப் போட்டு விளையாடுகிறான். மற்றதில் அந்தப் பையனின் பெயரும் எட்டு இதயங்களும் அப்படியே இருக்கின்றன. ஃபெமிகாமின் இரண்டாவது கட்டுப்பாட்டுக் கருவியில் மைக் இருப்பது தெரியுமா? செல்டாவில் காது நீண்ட ஒரு ஜந்து வரும், அந்த மைக்கில் கத்தினால் செத்துவிழும். மூத்தவன் கத்துகிற கத்தலில் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டார்.

கேசட் ஆட்டங்களுக்கு எவர்டிரைவ் என்ற பிளாஷ் கேசட் இருக்கிறது. எஸ்டி கார்டில் ஆட்டங்களைப் போட்டு அதில் சொருக வேண்டும், பட்டியல் வரும். நம் '9999' கேசட் மாதிரிதான், ஆனால் அதில் ஏழெட்டு ஆட்டம்தானே திரும்பத் திரும்ப வரும், இதில் எல்லாமே நிஜம். உள்ளே நடப்பதுதான் எனக்கு அதிசயம். ஃபெமிகாமின் மூளை ஒரு நேரத்தில் கேசட்டின் 32 கிலோபைட் நிரலைத்தான் பார்க்கும். பெரிய ஆட்டங்கள் கேசட்டுக்குள்ளேயே ஒரு சிப் வைத்து, தேவைப்படும் பக்கத்தை மாற்றி மாற்றிக் காட்டின. அந்தச் சிப் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு வேறு. எவர்டிரைவில் இருக்கும் எஃப்பிஜிஏ என்ற சிப், எந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதற்கேற்ற சிப்பாகத் தன்னை மாற்றிக்கொள்ளும். கூத்தில் ஒரே ஆள் கிரீடத்தை மாற்றிக்கொண்டு அடுத்த காட்சியில் வேறு ராஜாவாக வருவது போல.

இப்போது உன் பிளேஸ்டேஷன். இத்தனை வருஷம் தூங்கிய பெட்டியில் முதலில் கெடுவது சுற்றுகிற, நகர்கிற பாகங்கள்தான். போர்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சூடேறி லென்ஸின் பிளாஸ்டிக் தடம் தேய்ந்து, பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு விளையாடினோமே, நினைவிருக்கிறதா? உன் தம்பி அது மேல் தலையணை வைத்ததற்கு அப்பாவிடம் அடி வாங்கினான். எனவே எடுத்தவுடன் டிரைவையே மாற்றப் போகாதே. லென்ஸை மெதுவாகத் துடைத்து, அது நகரும் தடத்தில் பழைய கிரீஸை எடுத்துவிட்டுப் புதுசு தடவிப் பார். அதிலும் படிக்கவில்லை என்றால் புது லென்ஸ் தொகுதி இன்னும் கிடைக்கிறது, அதற்குச் செலவும் குறைவு.

அதுவும் சரிவரவில்லை என்றால் எக்ஸ்ஸ்டேஷன். சிடி டிரைவை மொத்தமாகக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு போர்டு உட்காரும், ஆட்டங்கள் எஸ்டி கார்டிலிருந்து ஓடும். எல்லா மாடலுக்கும் பொருந்தாது. மெல்லிய கால்களில் சால்டரிங் வைக்க வேண்டும், கை பழகிய ஆளிடம்தான் கொடுக்க வேண்டும். உன் பெட்டியில் நகல் சிடி ஓடுவதற்கான சிப் போட்டிருக்கிறது, அதைக் கழற்றிவிட்டுப் போடுவதுதான் நல்லது. ஒரிஜினல் சிடியின் உள்வளையத்தில், நாம் எழுதும் சிடியில் வரவே வராத ஒரு நெளிவு இருக்கும். அதில்தான் எந்த நாட்டுச் சிடி என்ற அடையாளம் ஒளிந்திருக்கும். அந்த அடையாளத்தைப் பொய்யாகச் சொல்வதுதான் அந்தச் சிப்பின் வேலை. டிரைவே இல்லாதபோது அதற்கு வேலை இல்லை.

ஒன்றை மட்டும் இப்போதே செய். மெமரி கார்டு எங்கே இருக்கிறது என்று தேடு. சாம்பல் நிறம், ஓரத்தில் உன் தம்பி பேனாவால் கிறுக்கியிருப்பான். அதில் ஆட்டங்களைச் சேமிக்க 15 கட்டம். நாம் மூவரும் அரைப் பரீட்சை லீவில் சேமித்தது அதில் இருக்கும். டிரைவை மாற்றினாலும் அந்தக் கார்டு அப்படியே வேலை செய்யும், ஆனால் தொலைந்தால் திரும்ப வராது. துணியில் சுற்றி பீரோவில் வை. கார்டில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்கு எடுக்கும் அடாப்டர் நான் கொண்டு வருகிறேன், ஒரு பிரதியைத் துபாயில் இருக்கும் தம்பிக்கும் அனுப்பிவிடலாம்.

பொங்கலுக்கு 12-ம் தேதி பாளையங்கோட்டை வந்துவிடுவேன். அதற்குள் பெட்டியைத் திருப்பி, அடியில் எஸ்சிபிஎச் என்று தொடங்கும் எண்ணைப் படித்து எழுது. அதை வைத்துத்தான் இங்கே என்ன வாங்குவது என்று முடிவு செய்ய முடியும். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன்
குமரன்