அந்தப் படத்தில் விரல் எங்கே இருக்கிறது?

ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பின் பயணப் பக்கத்தில், சுற்றுலா போன இடத்தில் உள்ளரங்கத் துப்பாக்கி சுடும் தளம் ஒன்றுக்குப் போய்வந்தவரின் அனுபவத்தைப் படித்தேன். கட்டுரைக்குப் பிறகு வருகிறேன், முதலில் படம். கறுப்புக் காதுக்கவசம், மஞ்சள் கண்ணாடி, முகமெல்லாம் சிரிப்பு, கையில் பிஸ்டல். உடம்பு இலக்கின் பக்கம் இல்லை, கேமராவின் பக்கம் திரும்பியிருக்கிறது. ஆள்காட்டி விரல் விசைக்குள், அதாவது சுடுவதற்கு இழுக்கும் டிரிக்கருக்குள், நுழைந்திருக்கிறது. அச்சுக்குப் போகுமுன் அந்தப் படத்தை நாலு பேராவது பார்த்திருப்பீர்கள். யார் கண்ணிலும் அந்த விரல் பட்டிருக்காது. உங்களைக் குறை சொல்லவில்லை. நான்கு மாதம் முன்பு வரை என் கண்ணிலும் பட்டிருக்காது.

33 வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். வயது 61. தங்கை மகன் வேலை பார்க்கும் வெளிநாட்டு ஊருக்கு மூன்று வாரம் போயிருந்தேன். பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து முடித்து, மழை விடாமல் பெய்த ஒரு நாளில் அவன் கேட்டான்: "பெரியம்மா, துப்பாக்கி பின்னுதைக்கிற கணக்கை வருஷா வருஷம் போர்டுல போட்டீங்களே, ஒரு தடவை கையில வாங்கிப் பாத்துடலாமா?"

கேட்ட கேள்வி சரியான இடத்தில் குத்தியது. உந்த அழிவின்மை விதி நடத்தும்போதெல்லாம் குண்டின் நிறை, துப்பாக்கியின் நிறை, குண்டின் வேகம் என்று எழுதிப் போட்டு, பின்னோக்கிய வேகத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறேன். நான் ஒரு துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. போனோம்.

பாஸ்போர்ட்டைக் காட்டி, இரண்டு பக்கப் படிவத்தில் கையெழுத்துப் போட்டோம். எங்களுக்குப் பின்னால் நின்ற இளைஞர் கூட்டத்தில் ஒருவரிடம் மது வாடை அடித்திருக்கிறது. அவரை மட்டும் வரவேற்பறையிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். அவர் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். அங்கேயே எனக்கு அந்த இடத்தின்மேல் ஒரு மரியாதை வந்தது.

இப்போது கட்டுரை. "முதல் அரைமணி நேரம் பாடம் எடுப்பார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் பிறகு ஜாலிதான்" என்ற பொருளில் உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். எனக்கு நேர்மாறாக இருந்தது. கொடுத்த காசு அந்த அரைமணிக்குத்தான் தகும். என் தொழில் அப்படி என்று நினைத்தாலும் பரவாயில்லை, நன்றாகப் பாடம் நடத்துகிறவரைக் கண்டால் எனக்குத் தெரியும்.

பயிற்றுநர் ஒரு பெண். என் கடைசி வகுப்புப் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். ஒல்லியான உருவம், உரக்கப் பேசாத குரல். காலித் துப்பாக்கி ஒன்றை மேசையில் வைத்திருந்தார். அதை எடுத்து, தோட்டா நிரப்பும் பெட்டியான மேகசினைக் கழற்றி, மேல்பகுதியைப் பின்னால் இழுத்துப் பூட்டி, உள்ளே தோட்டா இல்லை என்று தானும் பார்த்து என்னையும் பார்க்கச் சொன்னார். மேசையில் வைத்தார். ஏதோ பேசிவிட்டு மறுபடி எடுத்தவர், மறுபடியும் திறந்து பார்த்தார்.

"இப்போதுதானே பார்த்தோம்?" என்றேன்.

"அது அப்போது பார்த்தது" என்றார்.

பிறகு நான்கு விதிகளைச் சொன்னார். எந்தத் துப்பாக்கியும் குண்டு நிரம்பியதுதான் என்றே நினைக்க வேண்டும். சிதைக்க விரும்பாத எதன் மீதும் குழல்வாய் திரும்பக் கூடாது. குறி பார்த்து முடிக்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். இலக்கும் அதற்குப் பின்னால் இருப்பதும் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கர் வகுத்துக் கொடுத்த வடிவம் இது. கடற்படைக் காலாட்படையில் இருந்தவர், 1976இல் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி தொடங்கியவர். விதிகளைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது வேறு, கைக்குப் போய்ச் சேர்ந்தது வேறு என்பதைக் கொஞ்ச நேரத்திலேயே காட்டிக்கொண்டேன்.

அதற்குமுன் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும், உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை என்பதால். 9 மில்லிமீட்டர் பிஸ்டல் வெடிக்கும்போது உச்சத்தில் சுமார் 160 டெசிபெல். இத்தகைய திடீர்ச் சத்தத்துக்குத் தொழிற்சாலைப் பாதுகாப்பில் வைத்திருக்கும் வரம்பு 140. டெசிபெல் மடக்கை அளவு. 20 கூடினால் ஒலியழுத்தம் பத்து மடங்கு. அதுவும் நாலு பக்கம் சுவர் உள்ள இடம். நீங்கள் சுடாவிட்டாலும் பக்கத்துத் தடத்துக்காரர் சுடுவது சுவரில் மோதித் திரும்பி உங்களிடம்தான் வரும். அதனால் உள்ளே மென்பஞ்சு அடைப்பான், மேலே கவசம், இரண்டும் வேண்டும். இரண்டின் தடுப்பளவையும் கூட்டிப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். இரண்டாவது தருவது சுமார் 5 டெசிபெல்தான். அந்த ஐந்தும் தேவைப்படுகிறது.

என் அடைப்பான் சரியாக உட்காரவில்லை. அதை விரலிடுக்கில் நன்றாக உருட்டி ஊசிபோல் மெலிதாக்கி, எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்தியிருக்க வேண்டும். வலக்காதில் பயிற்றுநர் கவனித்துத் திருத்தினார். இடக்காதில் நான் ஏதோ திணித்துவிட்டு "சரி, சரி" என்றேன். போதாததற்கு மூக்குக்கண்ணாடியின் காம்பு கவசத்தின் விளிம்பைத் தூக்கிக்கொண்டு நின்றது. அன்று இரவும் மறுநாள் முழுவதும் இடக்காதில் குக்கர் தூரத்தில் விசிலடிப்பதுபோல் ஒரு இரைச்சல். பிறகு நின்றது. எல்லாருக்கும் நிற்கும் என்பதில்லை. காதின் உட்புற மயிர்ச்செல்கள் போனால் போனதுதான், மறுபடி முளைக்காது.

சுடுவதற்கு முதலில் கொடுத்தது பாயிண்ட் 22, அதாவது குழலின் விட்டம் 0.22 அங்குலம். சின்னக் குண்டு, 2.6 கிராம்தான் இருக்கும். அடுத்து 9 மில்லிமீட்டர். அந்தக் குண்டு சுமார் 8 கிராம், நொடிக்கு 350 மீட்டர் போகிறது, துப்பாக்கி 900 கிராம். போட்டுப் பாருங்கள், பின்னோக்கிய வேகம் நொடிக்கு 3 மீட்டருக்கு மேல். கரும்பலகையில் அது ஒரு விடை. கையில் அது முழங்கை வரை வருகிறது. பாயிண்ட் 22இல் இதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. முதல் தடவையே பெரியதைக் கேட்கிறவர்கள் இதை யோசிக்கலாம்.

குறி பார்ப்பதில் என் வயது குறுக்கே வந்தது. குழல் நுனியில் இருக்கும் சின்ன முள் தெளிவாகத் தெரிய வேண்டும். இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும் என்றார். இது எனக்குப் புதிது. எல்லாரும் இலக்கைத்தான் உற்றுப் பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன். நான் போட்டிருப்பது இரட்டைக் குவியக் கண்ணாடி. மேல்பாதியில் பார்த்தால் முள் கலங்குகிறது. கீழ்ப்பாதியில் பார்க்க மோவாயைத் தூக்க வேண்டியிருக்கிறது. தூக்கினால் உடம்பு பின்னால் சாய்கிறது. பின்னால் சாய்ந்து சுட்டால் உதைப்பு ஆளையும் சேர்த்துத் தள்ளும். கடைசியில் அவர் என் கண்ணாடியைச் சற்றே மூக்கின் மேலே தள்ளி வைத்தார். அவ்வளவுதான், முள் தெரிந்தது.

9 மில்லிமீட்டரில் என் குண்டுகளெல்லாம் நடுவிலிருந்து கீழே, இடப்பக்கமாக விழுந்தன. "உதைப்பு அதிகம், அதனால்தான்" என்று நானே காரணம் கண்டுபிடித்துச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. மேகசினை வாங்கித் திரும்பி நின்று என்னவோ நிரப்பிக் கொடுத்தார். முதல் குண்டு வெடித்தது. இரண்டாவதுக்கு விசையை இழுத்தேன். வெறும் "டிக்". சத்தமில்லை, உதைப்பில்லை; ஆனால் குழல்வாய் மட்டும் என் கண்ணெதிரே இரண்டு விரற்கடை கீழே குனிந்து நின்றது. நடுவில் ஒரு போலித் தோட்டாவைச் செருகியிருக்கிறார், சிவப்புப் பிளாஸ்டிக்கில் செய்தது. குழலை விட்டுக் குண்டு வெளியேற ஒரு மில்லிவினாடிகூட ஆகாது. உதைப்பு கைக்குத் தெரிவதற்குள் அது தாளைத் தொட்டிருக்கும் அல்லது தொடப்போகும். ஆக, குறியைக் கெடுத்தது வந்த உதைப்பல்ல, வரப்போகிறது என்று நான் முன்கூட்டியே குனிந்த குனிவு. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு செய்முறை விளக்கம் எனக்குத் தோன்றியதில்லை. வகுப்பில் என்னைவிடக் கெட்டிக்காரர் அவர் என்று அங்கேயே ஒப்புக்கொண்டேன்.

பக்கத்துத் தடத்தில் ஒரு இளைஞர் இடக்கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் நீட்டி நின்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கி வீரர் யூசுஃப் டிகெச் அப்படி நின்ற படம் உலகம் சுற்றியதே, அந்த ஆசை. டிகெச் சுட்டது 10 மீட்டர் ஏர் பிஸ்டல், 4.5 மில்லிமீட்டர் ஈயச் சிறுகுண்டைக் காற்றழுத்தம் தள்ளுகிறது, உதைப்பு இல்லையென்றே சொல்லலாம். அந்தப் போட்டியில் ஒற்றைக் கையால் பிடிப்பதுதான் விதியும். மனு பாக்கரும் அப்படித்தான் சுட்டு வெண்கலம் வாங்கினார். வெடிமருந்துத் தோட்டாவைப் புதியவர் ஒற்றைக் கையில் வைத்துச் சுடுவது வேறு கதை. அந்த இளைஞரின் பயிற்றுநர் பேசாமல் பாக்கெட்டிலிருந்த கையை வெளியே எடுத்துத் துப்பாக்கியில் வைத்தார்.

இனி, நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தது. கடைசி மேகசின். ஐந்து தோட்டா. மூன்றாவது குண்டு தாளின் நடு வளையத்தில் விழுந்தது. சந்தேகமில்லாமல் நடுவில். பின்னால் தங்கை மகன் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். அவன் கூப்பிடவில்லை, கூப்பிட்டிருந்தாலும் அந்தக் கவசத்தில் கேட்டிருக்காது. நானாகத்தான் திரும்பினேன். பரீட்சைத் தாளில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை திரும்புமே, அப்படி. கையில் பிஸ்டலோடு, சிரித்துக்கொண்டு.

முழுக்கத் திரும்பியிருக்க மாட்டேன். கால்வாசி. அதற்குள் என் மணிக்கட்டின் மேல் ஒரு கை, தோளின் மேல் ஒரு கை. நான் மறுபடி இலக்கைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன். என் பயிற்றுநர் கத்தவில்லை. துப்பாக்கியை வாங்கி, மேகசினைக் கழற்றி, திறந்து பார்த்து, வைத்தபின் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார், "விரல் எங்கே இருந்தது?"

எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. உள்ளே இரண்டு தோட்டா மீதி இருந்தது.

நான்கு விதியையும் ஒப்பிக்கச் சொன்னால் அந்த நிமிடமும் ஒப்பித்திருப்பேன். அதனால்தான் ஒருவருக்கு ஒரு பயிற்றுநர் என்று கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் இடமாகப் பார்த்துப் போங்கள் என்கிறேன். எத்தனை வகைத் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பிறகு கேட்கலாம். கழுத்து மூடிய சட்டை போட்டுப் போவதும் இதற்காகத்தான். சுட்டதும் துப்பாக்கியிலிருந்து தெறிக்கும் சூடான காலித் தோட்டா சட்டைக்குள் விழுந்தால் யாரும் துள்ளித் திரும்பத்தான் செய்வார்கள்.

வெளியே வந்ததும் அவர் செய்யச் சொன்ன முதல் வேலை, எதையும் வாயில் வைக்காமல் சோப்புப் போட்டுக் கைகழுவுவது. குண்டில் மட்டுமல்ல, தோட்டாவின் அடியில் பொறி தரும் பிரைமரிலும் பெரும்பாலும் ஈயச் சேர்மம் இருக்கிறது. அது புகையோடு வந்து கையிலும் துணியிலும் படியும். உள்ளரங்கத் தளங்களின் ஈயம், இரைச்சல் இரண்டைப் பற்றியும் அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2009இலேயே எச்சரிக்கை வெளியிட்டது. நல்ல தளத்தில் காற்று நம் முதுகுப் பக்கமிருந்து இலக்கை நோக்கி ஓடும், நின்றால் உணரலாம். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது. ஞாபகத்துக்கு ஒரு காலித் தோட்டாவைக் கைப்பையில் போடப் போனேன், அதையும் தடுத்தார். விமான நிலைய ஸ்கேனரில் அது காலியா நிரம்பியதா என்று விவாதித்துக்கொண்டிருக்க ஆசையா என்று கேட்டார். வாளியில் போட்டுவிட்டேன்.

அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போடும்போது காதுக்கும் கைகழுவுவதற்கும் நாலு வரி ஒதுக்குங்கள். படத்துக்கு நானே வழி சொல்கிறேன். தங்கை மகன் போனை நீட்டிக்கொண்டு நின்றான் என்றேன் அல்லவா, அவன் சரியாக அந்த நொடியில் அழுத்திவிட்டான். படம் கொஞ்சம் ஆடியிருக்கிறது. என் சிரிப்பு பாதியில் நிற்கிறது. மணிக்கட்டில் அவர் கை இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் விரலும் தெரிகிறது; விசைக்குள்தான் இருக்கிறது. இத்துடன் இணைத்திருக்கிறேன். இருவர் முகத்தையும் மறைத்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியை
(பெயர் வெளியிட வேண்டாம்)