பழைய வானொலிக் கோபுரங்களை எடைக்கு விற்காதீர்கள்

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும், வானொலிக் கோபுரங்களை வைத்திருக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

நேயர்கள் எஃப்.எம்.முக்கும் கைபேசிக்கும் மாறிவிட்டார்கள். மத்திய அலை (ஏ.எம்.) ஒலிபரப்புக்காக எழுப்பிய பழைய கோபுரங்கள் இனி இறக்கப்படத்தான் போகின்றன. அவற்றைப் பழைய இரும்பாக எடைபோட்டு, கூடிய விலை சொல்பவரிடம் ஒப்படைத்துவிட வேண்டாம் என்று கேட்கவே இம்மடல்.

எடைக்கு எடுப்பவர் வேலை சீக்கிரம் முடிவதையே பார்ப்பார். கோபுரத்தை இழுத்துப் பிடித்திருக்கும் கம்பிகளான ஸ்டே வயர்களை ஒரு பக்கத்தில் வெட்டிவிட்டால் கோபுரம் சில நொடிகளில் தரையில் கிடக்கும். ஆனால் அதற்குக் கோபுரத்தின் உயரமளவுக்குச் சுற்றிலும் வெற்று நிலம் வேண்டும். கொழும்பில் அது எங்கே இருக்கிறது? இறுகி நின்ற கம்பி அறுந்தால் எவ்வளவு வேகமாகச் சுழன்றடிக்கும் என்பது கோபுரம் ஏறுகிற எங்களுக்குத் தெரியும்.

தாமரைக் கோபுரம் தன் காலிலேயே நிற்கிறது. இவை அப்படியல்ல, நாலாபுறமும் இழுக்கும் கம்பிகள்தான் இவற்றை நிமிர்த்தி வைத்திருக்கின்றன. போலந்தின் கொன்ஸ்டான்டினோவில் 646 மீட்டர் உயரத்தில், அன்று உலகிலேயே உயரமாக நின்ற வானொலிக் கோபுரம் 1991 ஆகஸ்ட் 8ஆம் திகதி சரிந்து விழுந்தது. புயல் எதுவும் அடிக்கவில்லை. ஸ்டே வயர்களை மாற்றிக்கொண்டிருந்தபோதே விழுந்தது.

ஏற்றிய வரிசைக்கு நேரெதிராக, உச்சியிலிருந்துதான் இறக்க வேண்டும். கீழே உள்ள துண்டில் ஜின் போல் என்ற, கப்பி பூட்டிய தூக்குக் கம்பத்தைக் கட்டி, மேல் துண்டைக் கயிற்றில் தாங்கிப் பிடித்த பிறகே போல்ட்டைக் கழற்றலாம். ஸ்டே வயர் பூட்டிய மட்டத்துக்கு வரும்போது, அதற்குக் கீழே தற்காலிகக் கம்பிகளைக் கட்டி இறுக்காமல் பழையதைத் தொடவே கூடாது. ஒரு பக்கத்தை மட்டும் தளர்த்தினால் முழுக் கோபுரமும் வளையும். யாரும் ஏறுமுன், ஸ்டே வயர்களை நிலத்தில் பிடித்துவைக்கும் நங்கூரங்களைத் தோண்டிப் பார்க்க வேண்டும். மண்ணுக்கு மேலே பளபளக்கும் கம்பி மண்ணுக்குள்ளே துருவால் அரைவாசி தின்னப்பட்டிருக்கலாம். உள்ளே மழைநீர் தேங்கிய குழாய்க் கால்களும் அப்படியே. காலமும் முக்கியம்: தென்மேல் பருவக்காற்றிலும், இடி மின்னல் மிகுந்த ஏப்ரல், ஒக்டோபர் பிற்பகல்களிலும் யாரையும் ஏற்றாதீர்கள். ஜனவரி, பெப்ரவரி நல்லது.

இப்படி இறக்கிய துண்டுகளுக்கு இன்னும் ஆயுள் உண்டு. தடிப்பை அளந்து, வெல்டிங்கைச் சோதித்து, போல்ட்டையும் கம்பியையும் புதிதாகப் போட்டால், உயரம் குறைந்த கோபுரங்களாகத் திரும்ப நிறுத்தலாம். மலையகத்திலும் வடக்கு கிழக்கிலும் சமூக வானொலிக்கோ, உரிமம் பெற்ற ஆர்வலர்கள் நடத்தும் அமெச்சூர் வானொலிக்கோ அவை போதும். 2004 சுனாமியின்போது தொலைபேசிகள் செத்துக்கிடந்த தெற்குக் கரையிலிருந்து செய்தி கொண்டுவந்தவர்களில் அமெச்சூர் வானொலிக்காரர்களும் இருந்தார்கள்.

ஆகவே விலைமனுவில் இவற்றை எழுதுங்கள்: கம்பி வெட்டிச் சாய்ப்பதற்குத் தடை, இறக்கும் திட்டத்தில் பொறியியலாளரின் கையெழுத்து, நாட்கூலிக்கு ஏறுபவருக்கும் காப்புறுதி, முழு உடல் பாதுகாப்புப் பட்டி, நல்ல துண்டுகளைப் பிரித்தெடுத்து, கேட்கும் பொது அமைப்புகளுக்கு முதலில் கொடுக்கும் நிபந்தனை. செலவு கூடும்தான். அந்தச் செலவை விற்பவரே ஏற்க வேண்டும், ஏறுகிறவன் அல்ல.

இப்படிக்கு,
கோபுரம் ஏறும் தொழிலாளி ஒருவன்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு