மூன்றடிக் கதவு

கொருக்குப்பேட்டை,
ஞாயிறு மாலை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கோபித்துக்கொள்ளாதே. மணப்பாறையில் மனை வாங்கியாச்சு, தை பிறந்ததும் கடைக்கால் தோண்டப் போகிறோம் என்று எழுதியிருந்தாய். படித்ததும் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். கடைசி வரியில் "தம்பி எப்படி இருக்கிறான்?" என்று கேட்டிருந்தாய் பார், அதற்கு ஒரு வரியில் பதில் எழுத முடியவில்லை. அதுதான் தாமதம்.

சாரத்திலிருந்து விழுந்து அவன் முதுகுத்தண்டு அடிபட்டு ஆறு வருஷம். அப்போது தண்டையார்பேட்டையில் இரண்டாம் மாடியில் இருந்தோம், உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளெல்லாம் தெருப் பையன்கள் நாலு பேர் சேரோடு தூக்கி இறக்குவார்கள். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. ஆனால் இவன் முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டான். இடையில் பாத்ரூம் வந்துவிட்டால் இன்னொரு தடவை யாரையாவது கூப்பிட வேண்டுமே என்ற பயம். அதனால்தான் தரைத்தள வீடு தேட ஆரம்பித்தேன்.

ராயபுரம், புது வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று ஏழு மாதம் அலைந்தேன். போனில் பேசும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். சக்கர நாற்காலி என்று சொன்னதும் குரல் மாறும். "டைல்ஸ் கீறிடும்மா" என்றார் ஒருவர். "ராசி பாக்கறவங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் இன்னொரு அம்மா. அவனுக்கு அப்போது, 2023இல், மாதம் வந்தது 2,000 ரூபாய் அரசுப் பராமரிப்பு உதவித்தொகை. பத்து மாத அட்வான்ஸ் எங்கிருந்து புரட்டுவது?

கடைசியில் இந்தப் போர்ஷன் கிடைத்தது. வாடகை 6,500. சாமான் இறக்கிய அன்றுதான் பார்த்தேன், பாத்ரூம் கதவு 24 அங்குலம், அவன் நாற்காலி 26. இரண்டு அங்குலம்தான் செல்வி! அந்த இரண்டு அங்குலத்துக்காக அன்று ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரரிடம் கெஞ்சி, கதவையும் நிலையையும் பெயர்த்தெடுத்து, ஓரத்தைக் கொத்தி, திரை போட்டோம். ஆறு மாதம் திரைதான்.

அடுத்தது வாசல். நம்ம ஏரியா கதை உனக்குப் புதிதில்லை. ரோடு போடும்போதெல்லாம் தெரு உயரும், மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க வீட்டுக்காரர்கள் படி ஏற்றுவார்கள். இந்த வீட்டுக்குச் சரியாக ஓர் அடி உயரத்தில் இரண்டு படி. கொத்தனாரைக் கூப்பிட்டுச் சரிவு கட்டச் சொன்னேன். மூன்றடி நீளத்தில் கட்டி முடித்துவிட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தம்பி இறங்கும்போது வண்டி முன்பக்கமாகக் குடை சாய்ந்து உதடு கிழிந்தது. அப்புறம்தான் விசாரித்தேன். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டுமாம், சக்கர நாற்காலிச் சரிவுக்கு 1:12 என்று சொல்கிற கணக்கு அதுதான். எங்கள் சந்தே பத்தடி!

பக்கத்து வீட்டு அக்காதான் வழி சொன்னார். "நேரா வேணாம்மா, செவுத்தை ஒட்டிப் போட்டுக்க. என் வாசலைத் தாண்டிப் போனாப் போவட்டும்." அப்படியே சுவரோரமாகப் பன்னிரண்டு அடி, அவர் வாசல் வரை கட்டினோம். பாதி அவர் கோலம் போடும் இடம். இப்போது சரிவுக்குப் பக்கத்தில் சின்னதாகப் போடுகிறார். முழங்கால் வலிக்கிற அவர் மாமியார் படியை விட்டுவிட்டு இதில்தான் நடக்கிறார். சிலிண்டர் போடுகிறவர் உருட்டிக்கொண்டே ஏறி வருகிறார். இது தம்பிக்காகக் கட்டியது என்பதே தெருவில் பாதிப் பேருக்கு மறந்துபோய்விட்டது.

வீட்டுக்காக மனுக்களோடு அலைந்ததில் சட்டமும் கொஞ்சம் படித்துக்கொண்டேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி, வீட்டுவசதித் திட்டங்களில் 5 சதவீதம் ஒதுக்க வேண்டும், அதில் பெண்களுக்கு முன்னுரிமை. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், பொது இடங்களில் மாற்றுத்திறனாளிகள் தடையில்லாமல் புழங்க வெறும் வழிகாட்டுதல்கள் போதாது, கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டிய விதிகளை மூன்று மாதத்தில் கொண்டுவாருங்கள் என்று மத்திய அரசுக்குச் சொன்னது. இடம் இருப்பது ஒன்று, அதில் அவர்கள் புழங்க முடிவது வேறு என்பது அங்கே வரைக்கும் போயிருக்கிறதே என்று ஓர் ஆறுதல்.

ஆனால் எல்லோரும் சொல்கிற "கீழ் வீடு கொடுத்துட்டாப் போதும்" என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். கரண்ட் இல்லை. விடியற்காலையில் கட்டில் காலைத் தொட்டது தண்ணீர். இவன் படுத்தபடியே, "அக்கா, டூல் பாக்ஸை மேல வை" என்கிறான். மிக்ஸி, டேபிள் ஃபேன் ரிப்பேர் செய்துதான் நாலு காசு பார்க்கிறான், அந்தப் பெட்டிதான் அவன் பிழைப்பு. மாடி வீட்டுப் பையன்கள் அவனைத் தோளில் போட்டுத் தூக்கிப் போனார்கள். மூன்று நாள் மேலேயே இருந்தான். அந்தப் படிக்கட்டுக்குக் கைப்பிடிகூட இல்லை. வடசென்னையில் கீழ் வீடு என்றால் வெள்ளமும் சேர்த்துத்தான். உயரமான பீடம், நல்ல சரிவு, கரண்ட் போனாலும் ஓடும் லிஃப்ட், இவை இருந்தால் எந்த மாடியிலும் யாரும் இருக்கலாமே.

வாடகை குறைவு என்று ஊர்க்கோடியில் வீடு காட்டுவதும் அப்படித்தான். மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இந்த நாலு தெருக்காரர்கள். அங்கே போய் யாருக்கு ரிப்பேர் செய்வான்? இங்கே மெட்ரோவில் லிஃப்ட் இருக்கிறது. 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து தாழ்தள மின்சார பஸ்களும் விட்டார்கள். பஸ் வந்து தாழ்ந்து நிற்கிறது, இவன் அது வரைக்கும் போய்ச் சேருவதற்குள்தான் திறந்த கால்வாயும் நடைபாதையில் நிற்கும் பைக்குகளும். வீடு என்பது பஸ் ஸ்டாப் வரைக்கும் நீள்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

போன மாதம் அவன் சிநேகிதன் கல்யாணம். மண்டபத்துக்குப் போய்விட்டோம். மறுநாள் வீட்டில் விருந்து, மூன்றாம் மாடி. "நீ போய்ட்டு வா" என்றான். திரும்பி வந்ததும் வீடு எப்படி இருக்கிறது, ஜன்னல் எந்தப் பக்கம், கடல் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. வெள்ளத்தில் மாடிக்குத் தூக்கிப் போனதைத் தவிர, ஆறு வருஷமாக இவன் யார் வீட்டுக்குள்ளும் போனதில்லை. எல்லோரும் இவனைப் பார்க்க வருகிறார்கள், நல்லவர்கள்தான். இவன் போய்க் கதவைத் தட்ட ஒரு வீடு இல்லை.

அதனால்தான் உன்னிடம் உரிமையோடு கேட்கிறேன். உன் வீட்டில் எல்லாக் கதவும், முக்கியமாக பாத்ரூம் கதவு, மூன்றடி இருக்கட்டும். இப்போது வைத்தால் செலவு அதிகமில்லை, செங்கல்கூடக் கொஞ்சம் மிச்சமாகும். வாசலில் படியும் இருக்கட்டும், பக்கத்தில் சரிவுக்கும் இடம் விடு. பாத்ரூமில் அவன் வண்டி திரும்ப ஐந்தடி வேண்டும். உன் மாமனாருக்கும் வயதாகிறது, அவருக்கும் ஆகும்.

கிரகப்பிரவேசத்துக்கு அவனைக் கூட்டி வருவேன். யாரும் தூக்காமல் அவனே உள்ளே வர வேண்டும். இந்த வாரமே மேஸ்திரியிடம் பேசிவிடு, நிலைக்கு மரம் அறுக்கக் கொடுத்துவிட்டால் அப்புறம் மாற்ற மாட்டார்கள்.

உன்
மல்லிகா