ஊழியத்துக்குப் புறப்படும் மகனுக்கு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஓய்வு பெற்ற குருவானவர் என்று பெயர்தானே ஒழிய, பக்கத்துச் சபைகளில் யாராவது கூப்பிட்டால் முதல் ஆளாகக் கிளம்பிவிடுகிறார்.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். ஜார்க்கண்ட் போனதும் செய்யப்போகிறவற்றை வரிசையாக எழுதியிருக்கிறாய். டியூஷன், மருத்துவ முகாம், வாலிபர் கூடுகை, புரொஜெக்டர், ஜெனரேட்டர். எல்லாம் நல்லதுதான். ஆனால் அங்கே இருக்கிற சந்தால் பழங்குடி ஜனங்கள் உனக்கு என்ன செய்வார்கள், என்ன கற்றுத்தருவார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

அசரியா பேராயரைப் பற்றி ஞாயிறு பள்ளியில் படித்திருப்பாய். 1874இல் வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவருக்குப் பிறந்தார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார் என்று சொல்லி நிறுத்திவிடுவோம். வேத வினாடி வினாவுக்கு அது போதும். ஊழியத்துக்குப் போகிறவனுக்குப் போதாது.

அவர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தும் பட்டம் வாங்கவில்லை. பிற்காலத்தில் கேம்பிரிட்ஜ் கூப்பிட்டுக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. எம்.டெக். முடித்துவிட்டு இறையியலுக்குப் போனாயே என்று உன்னிடம் அங்கலாய்க்கும் சொந்தக்காரர்களுக்கு இதைச் சொல். ஒய்.எம்.சி.ஏ. என்கிற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலராக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காலத்தில், 1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்ச் சபையார் தங்கள் சொந்தக் காணிக்கையில் வேறு இடத்துக்கு மிஷனெரி அனுப்புவதைப் பார்த்தார். இத்தனை சபைகள் இருக்கிற திருநெல்வேலி இதைச் செய்யவில்லையே என்று அவருக்கு உறுத்தியது. 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது அப்படித்தான். ஆளும் நம் ஆள், பணமும் நம் பணம், நிர்வாகமும் நம்முடையது என்பது அதன் ஏற்பாடு. நம் வீட்டில் சோற்றுக்கு உலை வைக்கும்போது ஆச்சி ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவாளே, அதெல்லாம் இப்படிப்பட்ட ஊழியத்துக்குப் போன அரிசிதான்.

அந்தச் சங்கத்தின் முதல் களம் நிஜாம் ராஜ்யத்தில், தெலுங்கு பேசுகிற தோர்ணக்கல். இப்போது தெலங்கானாவில் இருக்கிறது. 1909இல் அசரியா ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டு, குருப்பட்டம் பெற்று, தாமே அங்கே போனார். பெரிய கூட்டங்களில் ஆங்கிலத்திலும் தமிழிலும் பேசிப் பழகிய மனுஷன், முப்பத்தைந்தாவது வயதில் சின்னப்பிள்ளைகள் மாதிரி தெலுங்கு எழுத்துக் கூட்டிப் படித்தார். நீ இன்னும் சந்தாலி மொழி படிக்கத் தொடங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஜெனரேட்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மறு வருஷம், 1910 ஜூனில், எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள், மிஷன் சங்கங்களின் தலைவர்கள். அவர்கள் முன்னால் நின்று அசரியா சொன்னதன் சாரம் இதுதான்: ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்குச் சிநேகிதரைத் தாருங்கள். அன்பைப் பற்றிய முதலாம் கொரிந்தியர் பதின்மூன்றாம் அதிகாரத்தை எடுத்து அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். வருஷக்கணக்காகக் கூடவே ஊழியம் செய்கிற இந்தியரை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிடாத மிஷனெரிகள் உண்டு என்பதையும் அந்த மேடையிலேயே சொன்னார். கூட்டத்தில் பலருக்கு அது கசந்தது.

எல்லாரும் அந்தப் பேச்சைத்தான் எழுதுகிறார்கள். அதற்குப் பின் வந்த முப்பத்துநான்கு வருஷத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 1912 டிசம்பர் 29ஆம் தேதி கல்கத்தா பரிசுத்த பவுல் பேராலயத்தில் அவரைப் பேராயராக அபிஷேகம் செய்தார்கள். வேண்டாம் என்று எதிர்த்தவர்களில் வெள்ளைக்காரர்கள் மட்டுமல்ல, இந்தியக் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். அது ஆகட்டும். பேராயர் ஆனதும் அவருடைய நிலைமையே மாறிவிட்டது, கவனி. எடின்பரோவில் சிநேகத்தைக் கேட்டவர், தோர்ணக்கலில் அதைக் கொடுக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டார். அவர் தமிழர், படித்தவர், அதிகாரம் உள்ளவர். ஜனங்களோ பெரும்பாலும் மாலா, மாதிகா குடும்பங்கள், பிறர் நிலத்தில் கூலிவேலை செய்கிறவர்கள், கிணற்றடியில்கூட மற்றவர்கள் சேர்க்காதவர்கள்.

அவர் மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகப் போனார். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும்தான் அந்த ஊர்களைப் பிடித்த பிசாசுகள் என்பார். கண்டிப்பும் அதிகம், இளகிய மனசுக்காரர் என்று கற்பனை பண்ணாதே. ஞானஸ்நானம் கொடுத்தபின், பெற்றவனைத் தன் தலையில் தானே கையை வைத்துக்கொள்ளச் சொல்லி, "சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ" என்று சொல்லவைப்பாராம். இதை அப்பா முதன்முதலில் எனக்குச் சொன்னபோது, பயமுறுத்துகிற மாதிரி இருக்கிறதே என்றேன். பிறகு யோசித்தால் வேறு மாதிரி தெரிந்தது. நேற்றுவரை யாரும் வாய் திறக்க விடாத ஒரு கூலிக்காரனைப் பார்த்து, இனி நீயும் சொல்ல வேண்டியவன் என்கிறாரே! உன் பட்டியலில் அந்த ஊர்க்காரன் ஒருவனாவது சொல்லுகிற இடத்தில் நிற்கிறானா? டியூஷனுக்கு வருகிறவனாக, மாத்திரை வாங்குகிறவனாக, படம் பார்க்கிறவனாகத்தான் இருக்கிறான்.

தோர்ணக்கல் பேராலயத்தை நான் ஒரு தரம் பார்த்திருக்கிறேன். மசூதி மாதிரிக் குவிமாடம், நம் கோயில் மண்டபம் மாதிரித் தூண்கள். பணம் சேரச் சேரக் கட்டி 1939 ஜனவரியில்தான் பிரதிஷ்டை நடந்தது. லண்டன் கோபுரத்தைக் கொண்டுபோய் அங்கே நட்டிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்குமோ என்னமோ.

காந்தியோடு அவருக்கு மதமாற்றத்தில் ஒத்துப்போகவில்லை. அதே மனுஷன் கிறிஸ்தவர்களுக்கென்று தனி வாக்காளர் தொகுதி வேண்டாம் என்றும் நின்றார். இதை விலாவாரியாக அப்பாவிடம் கேள், ஒரு மணி நேரம் பேசுவார்.

இன்னொன்று. அசரியாவின் மனைவி அன்பு மரியம்மாளைப் பற்றி யாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை. தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் முதன்முதல் கல்லூரிக்குப் போனவர்களில் அவர்களும் ஒருவர். 1898இல் கல்யாணம். பிள்ளைகளையும் வளர்த்து, தோர்ணக்கலில் பெண்கள் நடுவே ஊழியமும் செய்தார்கள். குருவானவர் மனைவிக்கு ஐயரம்மா என்று பெயர், அந்தப் பெயரில் எத்தனை வேலை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சம்பளப் பட்டியலில் என் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. தெலுங்குக் களத்தில் நாங்கள் இருந்தபோது அப்பா சுற்றுப்பயணம் போய்விடுவார். காய்ச்சல்காரர்களும் அடிபட்ட பெண்களும் நம் வாசலுக்குத்தான் வருவார்கள். எனக்கு அந்த ஊர்ப் பேச்சு வந்தது அவர்கள் அடுப்படியில் உட்கார்ந்துதான். உனக்கு ஞாபகம் இருக்காது, நீ அங்கே நாலு வீட்டில் சோறு தின்று வளர்ந்த பிள்ளை.

மருமகள் நர்சிங் படித்தவள். அவளுக்கு அங்கே என்ன பொறுப்பு, என்ன படி என்று உன்னை அனுப்புகிற சங்கத்தில் எழுத்தில் கேட்டு வாங்கு. "கணவருக்கு உதவியாக இருப்பார்" என்று ஒரு வரியில் முடித்து அனுப்பினால் மறுபடியும் கேள். கேட்க உனக்குக் கூச்சமாக இருந்தால் சொல், நான் எழுதுகிறேன்.

அசரியா 1945 ஜனவரி முதல் தேதி தோர்ணக்கலிலேயே மரித்தார். அதுவரை ஆங்கிலிக்கன் சபையில் சொந்தமாக ஒரு திருமண்டலத்தை, அதாவது ஒரு பேராயரின் கீழ் இருக்கிற சபைகளை, நடத்திய இந்தியப் பேராயர் அவர் ஒருவர்தான். அவர் எத்தனையோ வருஷம் பாடுபட்ட, பல சபைகள் ஒன்றாகச் சேரும் தென்னிந்தியத் திருச்சபை ஐக்கியம் 1947 செப்டம்பரில்தான் நடந்தது, அதை அவர் பார்க்கவில்லை.

ஆகவே முதல் வருஷம் புரொஜெக்டர் இல்லாமல் போ. யார் கூப்பிட்டாலும் போய்ச் சாப்பிடு, என்ன வைத்தாலும் முகம் சுளிக்காதே. நீயும் கூப்பிடு, வந்தவர்களைப் பாயில் தனியே உட்காரவைத்துவிட்டு நீ நாற்காலியில் உட்காராதே. கொசுவலை இரண்டு, கருப்பட்டி, மிளகாய்ப்பொடி எல்லாம் பார்சலில் போட்டிருக்கிறேன். பிரித்துப் பார்த்துவிட்டு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போன் பண்ணு. முதலில் மருமகளிடம் கொடு, அவளிடம் பேச வேண்டியது இருக்கிறது.

இப்படிக்கு,
அம்மா