பாடல் வரி இல்லாத இசைக்குறிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், ஐரோப்பாவில் பரோக் என்ற புதிய இசைப் பாணி பிறந்த கதையைச் சொல்லும் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழில் இதைப் பற்றியெல்லாம் யாராவது எழுதுவதே பெரிய விஷயம், நன்றி. ஆனால் ஒரு வழக்கு இருக்கிறது.

கட்டுரைப்படி 1600இல் மறுமலர்ச்சிக்கால இசை முடிந்துபோனது, பரோக் தொடங்கிவிட்டது. மோன்டெவெர்டி என்ற இத்தாலிய இசை மேதை விதிகளை உடைத்தார், ஆர்டுசி என்ற பாதிரியார் விதிப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் முப்பது வருடம் தேவாலயப் பாடகர் குழுவில் டெனர், அதாவது ஆண்களின் உயர்குரல், பாடியவன் நான். ஆர்டுசியை அவ்வளவு மலிவாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

அவர் சொன்னது என்ன? ஒத்திசையாத சுரம் வரலாம், ஆனால் அது வருவதற்கு ஒரு முறை இருக்கிறது. முன்பே ஒத்திசைந்து நின்ற சுரம் அப்படியே நீண்டு, மற்ற குரல்கள் நகர்வதால் உரசலாகி, பிறகு ஒரு படி இறங்கி அடங்க வேண்டும். இது அவருடைய சொந்தப் பிடிவாதம் அல்ல. அவருடைய ஆசிரியர் சார்லினோ 1558இல் எழுதிய நூலில் உள்ள இலக்கணம் இது. நான்கைந்து குரல்கள் துணைக்கு வாத்தியம் இல்லாமல் பாடும்போது இந்த இலக்கணம்தான் எங்களைக் காப்பாற்றும். அடுத்த சுரத்தை எங்கிருந்து பிடிப்பது என்று பாடுகிறவனுக்குத் தெரிந்திருக்கும்.

மோன்டெவெர்டியின் ‘க்ரூதா அமரில்லி’ ஒரு மாட்ரிகல், அதாவது கவிதைக்குப் பல குரல்களில் அமைத்த பாட்டு. அதில் ஓரிடத்தில் கீழே பேஸ் என்ற தாழ்குரல் ‘ஜி’ சுரத்தில் நிற்கிறது. அதுவரை சும்மா இருந்த சொப்ரானோ என்ற உச்சக்குரல் நேராக மேலே ‘ஏ’யில் வந்து விழுகிறது. சரி, அங்கிருந்தாவது ஒழுங்காக இறங்குமா என்றால் இல்லை, ‘எஃப்’புக்குத் தாவுகிறது. அதுவும் பேஸோடு ஒட்டாத சுரம். நாங்கள் ஒருமுறை இதைப் பாடிப் பார்த்தோம். சொப்ரானோக்கள் மூன்று முறை நின்றுவிட்டு, அச்சுப்பிழையாக இருக்கும் என்றார்கள். 1600இல் வெனிஸில் வெளியான நூலில் ஆர்டுசியும் கிட்டத்தட்ட அதைத்தான் கேட்டார். லூக்கா, வாரியோ என்ற இருவர் ஃபெராராவில் பேசிக்கொள்வதாக எழுதிய அந்த நூலுக்கு ‘நவீன இசையின் குறைபாடுகள்’ என்று பெயர் வைத்தார். மோன்டெவெர்டியின் பெயரைக்கூட அவர் எழுதவில்லை, அந்த அளவுக்கு நாகரிகம் இருந்தது. அந்தப் பாடல் அச்சுக்கு வந்ததே அதற்குப் பிறகு, 1605இல்தான்.

ஆர்டுசி சறுக்கிய இடம் வேறு. உதாரணத்துக்குக் காட்டிய இசைத் துண்டுகளை அவர் பாடல் வரிகள் இல்லாமல் அச்சிட்டார். வெறும் சுரங்கள். கவிஞர் குவாரினி எழுதிய அந்தப் பாடல் வரியில் காதலன் புலம்புகிறான்: இத்தாலிய மொழியில் ‘அமார்’ என்றால் காதலிப்பது, ‘அமாரோ’ என்றால் கசப்பு, அவள் பெயரோ அமரில்லி. பெயரே கசப்பான காதலைக் கற்றுத்தருகிறது என்கிறான். அந்த வரியின் நடுவே வரும் ‘ஐயோ’ என்ற சொல்லில்தான் சொப்ரானோ அப்படி வந்து விழுகிறது. சொல்லை எடுத்துவிட்டால் அது இலக்கணப் பிழை. சொல்லோடு கேட்டால் ஓர் அலறல்.

மோன்டெவெர்டியின் பதிலும் கட்டுரை சொல்வதுபோல் முழக்கம் ஒன்றும் இல்லை. 1605இல் வந்த ஐந்தாவது மாட்ரிகல் தொகுப்பில் வாசகர்களுக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதினார். நான் மாந்துவா நகரப் பிரபுவின் ஊழியன், என் நேரம் என் கையில் இல்லை, ஆனால் ‘இரண்டாம் முறை அல்லது நவீன இசையின் நிறைவு’ என்ற நூலை எழுதிவிட்டேன், வரும் என்றார். தலைப்பிலேயே பதிலடி! நூல் வரவில்லை. 1633இலும் அதை எழுதிக்கொண்டிருப்பதாகக் கடிதம் போட்டார். 1643இல் இறந்தார். எழுத்தாளர்களைத் துரத்திப் பழகிய உங்களுக்கு இது புதிதாக இருக்காது.

1607இல் அவர் தம்பி ஜூலியோ செசாரே அந்தக் கடிதத்துக்கு விளக்கம் எழுதினார். முதல் முறையில் இசை சொல்லுக்கு எஜமானி, இரண்டாம் முறையில் சொல் இசைக்கு எஜமானி என்ற புகழ்பெற்ற வரி அங்கேதான் இருக்கிறது. அதைக் கட்டுரை எடுத்துக்காட்டியது. ஆனால் இரண்டாம் முறையைத் தொடங்கிவைத்தவர் சிப்ரியானோ தெ ரோரே என்ற முந்தைய தலைமுறை இசையமைப்பாளர் என்று அதே விளக்கத்தில் தம்பி சொல்வதை விட்டுவிட்டது. ரோரே 1565இலேயே இறந்துவிட்டார். அப்போது மோன்டெவெர்டி பிறக்கவே இல்லை. மோன்டெவெர்டி வீட்டுக்காரர்களே 1600 என்ற எல்லைக்கல்லை நடவில்லை என்னும்போது நாம் ஏன் நட வேண்டும்?

முதல் ஓபரா, அதாவது முழுக்கப் பாடி நடிக்கும் நாடகம், மோன்டெவெர்டி 1607இல் தந்த ‘ஓர்ஃபெயோ’ என்று கட்டுரை சொல்வதும் தவறு. 1600 அக்டோபரில் ஃபிளாரன்ஸில், மரியா தெ மெதிச்சியின் திருமணத்தை ஒட்டி, பேரி என்ற இசையமைப்பாளரின் ‘யூரிதிச்சே’ ஓபரா அரங்கேறியது. அதற்கும் முன்பு அவருடைய ‘தாஃப்னே’ வந்துவிட்டது. அதன் இசையில் பெரும்பகுதி நமக்குக் கிடைக்கவில்லை. ‘யூரிதிச்சே’யில் தன் பாடகர்கள் தன் மெட்டைத்தான் பாட வேண்டும் என்று காச்சினி என்ற இன்னொரு இசையமைப்பாளர் அடம்பிடித்து நிறைவேற்றிக்கொண்டார். அத்தோடு நிற்காமல் அதே நாடகத்துக்குத் தானும் முழுதாக இசையமைத்து, பேரிக்கு முந்தி அச்சிட்டும்விட்டார். ஆளுக்கொரு வரியை ஒரே நேரத்தில் பாடினால் யாருக்கு என்ன புரியும் என்று விஞ்ஞானி கலிலியோவின் அப்பா வின்சென்சோ 1581இலேயே கேட்டிருந்தார். இவர்களெல்லாம் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள்.

பழையதைத் தூக்கி எறிந்தார்கள் என்பதற்கு எதிராக இரண்டே சாட்சி போதும். அந்த 1605 தொகுப்பில் உள்ள பத்தொன்பது மாட்ரிகல்களில் கடைசி ஆறுக்கு மட்டும்தான் பேஸ் வரியை வாசித்துத் துணைநிற்கும் வாத்தியம் கட்டாயம். கட்டுரை பரோக்கின் அடையாளம் என்று சொல்வது இதைத்தான். ஆனால் இத்தனை சண்டைக்கும் காரணமான ‘க்ரூதா அமரில்லி’ அந்த ஆறில் இல்லை. அது பழைய பாணியில் ஐந்து குரலுக்கு எழுதிய பாட்டு. அடுத்து, 1610இல் போப் ஐந்தாம் பவுலுக்குக் காணிக்கையாக வந்த புத்தகம். அதில் வாத்தியங்கள் முழங்கும் மாலை வழிபாட்டு இசையைத்தான் இன்று எல்லோரும் கேட்கிறார்கள். அதே புத்தகத்தில் ஆறு குரல் திருப்பலி ஒன்றும் இருக்கிறது. கொம்பேர் என்ற பழைய மேதையின் பாடலிலிருந்து பத்து இசைக் கருக்களை எடுத்து, பழைய இலக்கணம் பிசகாமல் பின்னியது. ஆர்டுசியே குறை சொல்லியிருக்க முடியாது. 1613இல் மோன்டெவெர்டிக்கு வெனிஸின் புனித மாற்கு ஆலய இசைத் தலைமை கிடைத்து, அங்கே சாகும்வரை முப்பது ஆண்டுகள் இருந்தார். இரண்டு பாணியிலும் எழுதினார். ஒரு கூடுதல் தகவல்: 1632இல் மோன்டெவெர்டியும் பாதிரியார் ஆனார். ‘பாதிரியார்’ என்பதைக் கட்டுரையாளர் ஏளனமாக எழுதியதால் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. 48ஆம் பக்கத்தில் ‘க்ரூதா அமரில்லி’யின் சர்ச்சைக்குரிய இடத்தை இசைக்குறிப்பாக அச்சிட்டிருந்தீர்கள். அதிலும் கீழே பாடல் வரி இல்லை. அடுத்த இதழில் வரியோடு ஒருமுறை போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை