அமு என்றால் தண்ணீர்: மதுரை மக்களுக்கு ஒரு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான மதுரைச் சபையாருக்கும், சபைக்கு வெளியே இருந்து எங்களுக்காக ஓடியாடிய எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

வடக்கே ராஜ்மகால் மலைகளில் என்னோடு ஊழியம் செய்யும் தம்பி, ஆபரேஷன் முடிந்து நேற்று மாலை டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார். இதை எழுதும்போது பக்கத்து அறையில் தூங்குகிறார். மூச்சு சீராக வருகிறது. அந்தச் சத்தத்துக்காக ஒரு மாதம் ஏங்கிய எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. இரண்டு வரி எழுதுவதும், எழுந்துபோய்க் கதவருகே நின்று கேட்டுவிட்டு வருவதுமாக இருக்கிறேன். என்ன நடந்தது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நாளுக்கு மூன்று முறை போன் போட்டு விசாரித்தவர்கள் நீங்கள். அதை மறுபடி சொல்ல எனக்கும் தெம்பில்லை.

ஜார்க்கண்டின் சாகிப்கஞ்சிலிருந்து ஹவுரா, ஹவுராவிலிருந்து சென்னை, சென்னையில் பாண்டியன் என்று ரயில் மாறி மாறி வந்த எங்களை, விடியுமுன்னே மதுரை ஸ்டேஷனில் வீல்சேரோடு காத்திருந்து இறக்கிக்கொண்டவர்களுக்கு நன்றி. இரத்தம் கொடுத்த வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளுக்கும், முறை வைத்துக் கஞ்சியும் ரசம் சாதமும் கொண்டுவந்த அக்காமாருக்கும், உபவாசமிருந்து ஜெபித்தவர்களுக்கும், ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் வந்து நின்ற சபைப் போதகர் ஐயருக்கும், பெயர் சொல்லாமல் கவுன்டரில் பணம் கட்டிவிட்டுப் போனவருக்கும் நன்றி. மேலூர்ப் பக்கத்துக் கிராம சபையின் பெண்கள், உலை வைக்கும்போதெல்லாம் எடுத்துவைத்த கைப்பிடி அரிசியை விற்று அந்தப் பணத்தை அப்படியே ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்து தந்தார்கள். அந்தப் பையை வாங்கியபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அன்றைக்குச் சொல்ல விட்டுப்போன நன்றியை இப்போது சொல்கிறேன், தாய்மாரே.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும். அவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்ல. நாங்கள் யார், எங்கே ஊழியம் செய்கிறோம் என்பதுகூட அவருக்கு முதலில் தெரியாது. ஐசியூவில் இரவு டியூட்டி பார்த்த ஒரு சிஸ்டர். உசிலம்பட்டிப் பக்கம். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆபரேஷன் முடிந்த இரண்டாம் இரவு. குழாயை எடுத்துவிட்டார்கள். என்னை உள்ளே விடவில்லை. வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மணி இரண்டரை இருக்கும். கதவைத் திறந்துகொண்டு அந்தச் சிஸ்டர் வந்தார்.

“சார், பேஷண்டுக்கு அம்முன்னு பொண்ணு இருக்கா? ஒரு மணி நேரமா அம்மு, அம்முன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. பாவமா இருக்கு. போன்ல அந்தப் புள்ள குரலையாவது கேக்க வைக்கலாமான்னுதான் வந்தேன்.”

தம்பிக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. “அம்மு இல்லம்மா, அமு. அவங்க பாஷையில தண்ணின்னு அர்த்தம்” என்றேன். சந்தையில் பேசிப் பழகிய கொஞ்சம் இந்தி தம்பிக்குத் தெரியும். அந்த வலியில் அதுவும் மறந்துபோய்த் தாய்மொழி மட்டும்தான் வாயில் வந்திருக்கிறது.

சிஸ்டர் அப்படியே நின்றுவிட்டார். “தாகத்துலயா கூப்பிட்டாரு?” என்று கேட்டபோது கண் கலங்கிவிட்டது. தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உள்ளே போய்ப் பஞ்சைத் தண்ணீரில் தோய்த்து உதட்டை நனைத்திருக்கிறார். அனுமதித்த அளவுக்கு ஸ்பூனால் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் “அமு, அமு” என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாராம். இதைத் தம்பிதான் பிறகு என்னிடம் சொன்னார்.

அதோடு விடவில்லை. கையுறை வருகிற டப்பாவின் அட்டையைக் கிழித்துக்கொண்டு மறுபடி வெளியே வந்தார். வலிக்கு என்ன, மூச்சு முட்டினால் என்ன சொல்வார், போதும் என்பதற்கு என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தமிழில் எழுதிக்கொண்டார். கண்ணுக்கு என்ன சொல்வார்கள் என்று கேட்டார். கனு என்றேன், ஆனால் அந்தக் ‘க’ அடித்தொண்டையிலிருந்து வர வேண்டும். அந்த வராந்தாவில் நின்றபடி நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துச் சரியாகப் பிடித்துவிட்டார். எனக்கு அந்த ஒலி வர ஆறு மாதம் ஆனது. பல்லுக்குப் பலு என்றதும், “நம்ம பேச்சு மாதிரியே இருக்கே சார்” என்றார்.

ஆமாம், நம் பேச்சின் உறவுதான். ராஜ்மகால் மலைகளில் பேசும் மால்தோ மொழி திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. கங்கை ஓரத்து மலையில் நான் என்பதற்கு ‘ஏன்’ என்றும் நீ என்பதற்கு ‘நீன்’ என்றும் சொல்கிற ஜனங்கள் இருக்கிறார்கள். நம் பழைய தமிழிலும் ‘அம்’ என்றால் நீர் என்று அகராதி சொல்கிறது. பதினேழு வருஷத்துக்கு முன்னால் நான் முதன்முதலாக அந்த மலை ஏறி, நாக்கு வறண்டு ஒரு மரத்தடியில் உட்கார்ந்தபோது, ஒரு சின்னப் பையன் தண்ணீரை நீட்டி “அமு” என்றான். எனக்கு மால்தோவில் முதல் வார்த்தை அது. அந்தப் பையன்தான் இந்தத் தம்பி. பாகல்பூர்ப் பக்கம் ஊழியம் செய்த எர்னஸ்ட் ட்ரோசே 1884-இல் வெளியிட்ட மால்தோ இலக்கண நூலின் பிரதி ஒன்று என்னிடம் உண்டு. புத்தகத்தில் படித்ததைவிட அந்தப் பையனிடம் நான் கற்றதுதான் அதிகம். இன்று நான் நடந்து போக முடியாத மலையூர்களுக்கெல்லாம் சுவிசேஷத்தைக் கொண்டுபோகிறவர் அவர். அங்கே சபை வளர்கிறது என்று உங்களுக்கு அறிக்கை எழுதுகிறேனே, அதில் பாதி அவர் கால்நடையாக நடந்தது. மலேரியாவும் காலா அசார் காய்ச்சலும் வீடுவீடாக ஆளை எடுத்த ஊர்களில் போய் உட்கார்ந்து, அவர்கள் பேச்சிலேயே அழுது ஜெபித்தவர்.

அந்த ராத்திரி முழுக்க நான் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மதுரைக்கு 1606-இல் வந்த இத்தாலியக் குருவானவர், தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி நம் தமிழைக் கற்றார், சமஸ்கிருதத்தையும் கற்றார். 1834-இல் அமெரிக்க மிஷனெரிமார் இங்கே வந்தபோது, யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே தமிழர்களோடு வாழ்ந்த மிஷனிலிருந்துதான் வந்தார்கள். நம் தாத்தா பாட்டிமார் பேச்சைக் கற்றுக்கொள்ள யாரோ பட்ட பாட்டில்தான் நம்மில் பலருக்கு இந்த விசுவாசம் வந்தது. நாங்கள் வடக்கே செய்வதும் அதே வேலைதான். ஆனால் அதற்காகவே அனுப்பப்பட்டவர்கள் நாங்கள், அதற்காக நீங்கள் எங்களைத் தாங்குகிறீர்கள். அந்தச் சிஸ்டரை யாரும் அனுப்பவில்லை. எட்டுப் படுக்கைக்கு ஓடிக்கொண்டிருந்தவர், ஒரு நோயாளியின் தாகத்துக்காக ஒரு பாஷையைக் கற்கத் தொடங்கினார். அவரிடம் நான் கற்றுக்கொண்டேன்.

அந்த அட்டையைத் தம்பியின் கட்டில் கம்பியில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். அடுத்த ஷிப்டில் வந்த சிஸ்டர்மாரும் அதைப் பார்த்துப் பேசினார்கள். மூன்றாம் நாள் நான் உள்ளே போனபோது, ஒரு இளம் சிஸ்டர் ஊசி போடுமுன் அட்டையைப் பார்த்து மெதுவாக எழுத்துக்கூட்டிக் கேட்க, தம்பி சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

சபையார் முன்னிலையில் ஒரு பொருத்தனை சொல்லிக்கொள்கிறேன். மால்தோ–தமிழ்ச் சொற்கள் எழுதிய என் நோட்டுப் புத்தகங்கள் பல வருஷமாகப் பெட்டியில் கிடக்கின்றன. நேரமில்லை என்று தள்ளிப்போட்டேன். இனித் தள்ள மாட்டேன். முதலில் உடம்பு, வலி, தாகம், பசி, மருந்து பற்றிய சொற்களை மட்டும் எடுத்து, இந்தியிலும் தமிழிலும் பொருள் எழுதி, ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டுகிற மாதிரி ஒரு தாளாக்குவேன். தம்பி சரிபார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கிறிஸ்துமஸுக்குள் முடிக்க ஜெபித்துக்கொள்ளுங்கள்.

நேற்றுக் கிளம்பும்போது தம்பி அந்த அட்டையை ஊருக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டார். கேட்டுப் பார்த்தேன். சிஸ்டர் தரவில்லை. “இவரு ஊர்க்காரங்க இன்னொருத்தர் வந்தா நாங்க என்ன சார் பண்ணுவோம்?” என்று சொல்லி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். தம்பி அதை எட்டிப் பார்த்துவிட்டு, எழுத விட்டுப்போன ஒரு வார்த்தையைச் சொன்னார். சிஸ்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

வருகிற ஞாயிறு இரண்டாம் ஆராதனையில் ஸ்தோத்திர காணிக்கை படைக்கிறோம். தம்பி மால்தோவில் ஜெபிப்பார். எல்லாரும் வாருங்கள். சிஸ்டருக்கு அன்று டியூட்டி இல்லையாம்; அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.